ஒன்றரைக் கிலோவில் ஒரு கணக்கு அலுவலகம்

கும்பகோணத்தில் வரி ஆலோசகராகத் தொழில் செய்யும் நான், மாதத்தில் பாதி நாட்களை அலுவலகத்துக்கு வெளியேதான் கழிக்கிறேன். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருப்பவர், திருபுவனத்துப் பட்டுப் புடவை வியாபாரி, வலங்கைமானில் உரக்கடை நடத்துபவர், நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ள அரிசி ஆலைக்காரர்கள் என எனக்குக் கணக்குத் தருபவர்களில் பெரும்பாலானோர், பில் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதைவிட நான் அவர்கள் இடத்துக்குப் போவதையே விரும்புகிறார்கள். ஜிஎஸ்டிக்காக 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 14ஆம் தேதி வரும் கொள்முதல் பட்டியலைச் சரிபார்த்தல், 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி ரிட்டர்ன் தாக்கல் என்று ஒவ்வொரு மாதமும் ஓடும் இந்த ஓட்டத்தில், என்னோடு பேருந்தில் ஏறி இறங்குவது ஒரு மடிக்கணினி. பத்து மாதங்களுக்கு முன் அதைப் புதிதாக வாங்கினேன். சுமக்க எளிதாக இருக்க வேண்டும், வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டும், விலை கைக்கு அடங்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரே பொருளில் தேடிப் பிடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அந்தத் தேடலையும், வாங்கிய பொருள் இந்தப் பத்து மாதத்தில் எப்படி உழைத்தது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

வாங்கிய மடிக்கணினியின் பெயரை எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில், ஒரே அட்டைப் பெட்டியில், இரண்டு மூன்று வகைத் திரைகளும் நான்கைந்து வகைப் புராசசர்களும் விற்கப்படுகின்றன. நான் பெயரைச் சொல்லி, நீங்கள் அதே பெயரைக் கடையில் கேட்டு வாங்கினாலும், உங்கள் கைக்கு வருவது நான் பயன்படுத்தும் பொருளாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அதன் அளவுகளை முழுமையாகத் தருகிறேன். 14 அங்குலத் திரை, 1920க்கு 1200 புள்ளிகள், 300 நிட் வெளிச்சம், ரைசன் 5 7530யு புராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 47 வாட்-மணி பேட்டரி, எடை 1.41 கிலோ. விலை, வரி உட்பட 61,500 ரூபாய்.

இதற்கு முன் இருந்தது 15.6 அங்குலத் திரை கொண்டது. 2.2 கிலோ எடை. சார்ஜரும் அதன் தடித்த வயரும் சேர்ந்தால் 2.7 கிலோ. வாங்கிய நாளில் விலை குறைவு என்று மகிழ்ந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒரு 18ஆம் தேதி, உரக்கடையில் மேசைமேல் வைத்துத் திறந்தபோது இடது பக்கத்துக் கீலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பார்த்தால், கீலின் திருகாணிகள் பதிந்திருந்த பிளாஸ்டிக் குமிழ்கள் அடியோடு பெயர்ந்து, திரையின் ஓரம் வாய் பிளந்து நின்றது. சர்வீஸ் சென்டருக்குத் திருச்சி வரை போக வேண்டியிருந்தது. மேல் மூடியை முழுதாக மாற்ற வேண்டும், உதிரிப் பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மாதத்து ரிட்டர்ன்களை, திரையின் பின்னால் இரண்டு பில் புத்தகங்களை முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டு தாக்கல் செய்தேன். அப்போதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. அந்தக் கணினியில் நான் ரேமைக் கூட்டியிருந்தேன், எஸ்எஸ்டியை மாற்றியிருந்தேன், பேட்டரியைக்கூடப் புதிதாகப் போட்டிருந்தேன். ஆனால் அதன் எடை, திரை, உடல் ஆகிய மூன்றையும் வாங்கிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே சுமந்துகொண்டிருந்தேன்.

ஆகவே இந்த முறை நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்றுதான். பிறகு மாற்ற முடியாதவற்றுக்கு முதலில் பணத்தை ஒதுக்க வேண்டும்; பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவற்றுக்கு மீதியை ஒதுக்கினால் போதும். கடைகளில் பேச்சு இதற்கு நேர்மாறாகத்தான் தொடங்குகிறது. "சார், இதுல ஐ ஃபைவ் இருக்கு, எஸ்எஸ்டி இருக்கு, வேற என்ன சார் வேணும்?" என்று ஒரு கடைக்காரத் தம்பி உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எங்கள் பக்கத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்தால், ஈரப்பத மானியில் 17 சதவீதத்துக்கு மேல் காட்டக் கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மானி காட்டும் எண் இல்லாமல் ஒரு மூட்டை நெல்லை நாம் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அறுபதாயிரம் ரூபாய்ப் பொருளை மட்டும் முன்பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிவிடுகிறோம்.

முதலில் எடையை எடுத்துக்கொண்டேன். விளம்பரத்தில் போடும் எடை கணினியின் எடை மட்டுமே. சார்ஜரின் எடை அதில் சேராது. நான் பார்த்துக் கணக்கு எழுதும் அரிசி ஆலையில் மாதிரிப் பொட்டலங்களை நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. என் பழைய கணினியையும், நண்பர்களிடம் இரவல் வாங்கி வந்த இரண்டையும், அவற்றின் சார்ஜர்களையும் அதில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். 1.5 கிலோ என்று அட்டையில் போட்டிருந்த ஒன்று 1.56 காட்டியது, அதன் சார்ஜர் மட்டும் 390 கிராம். உருளை முனை கொண்ட சார்ஜர்கள் பலவற்றில் இந்தப் பாரம் உண்டு. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறும் கணினி என்றால், கைக்குள் அடங்கும் 65 வாட் சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இப்போது நான் வைத்திருப்பது வயரோடு 150 கிராமுக்குள் நிற்கிறது, கைப்பேசிக்கும் அதுவே சார்ஜர். ஆக, என் தோளில் ஏறுவது ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதல். பழையதோடு ஒப்பிட்டால் ஒரு கிலோவுக்கு மேல் குறைவு. மன்னார்குடிப் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காமல், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு அந்த ஒரு கிலோ பெரிது.

எடையைக் குறைக்கும்போது எங்கள் தொழிலில் உள்ளவர்கள் இழப்பது நம்பர் பேடை. 15.6 அங்குலக் கணினிகளில் வலது பக்கம் தனியாக எண் விசைகள் இருக்கும். 14 அங்குலத்தில் இருப்பதில்லை. நாள் முழுவதும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் வவுச்சர் போடும் (வரவு செலவைப் பதியும்) ஒருவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. விரல்கள் பார்க்காமலே தேடிப் போகும் இடம் அது. கணக்கு எழுதும் நண்பர்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே பெரிய கணினியை வாங்குகிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நான் யோசித்துப் பார்த்தபோது, வவுச்சர் போடும் வேலையில் பெரும்பகுதி அலுவலகத்தில், மேசையில் நடக்கிறது. வெளியில் செய்வது சரிபார்த்தலும் தாக்கலும்தான். அதனால் சில நூறு ரூபாயில் யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்றை வாங்கி அலுவலக மேசையிலேயே வைத்துவிட்டேன். உங்களுடைய வேலையில் வவுச்சர் போடுவதே வெளியில்தான் என்றால், 15.6 அங்குலமே உங்களுக்குச் சரி. எடையைப் பொறுத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

திரைக்கு வருகிறேன். இதில் நான் முன்பு செய்த தவறுக்கு மூன்று ஆண்டு கண்ணால் விலை கொடுத்தேன். விலை குறைந்த கணினிகளின் விவரப் பட்டியலில் '45 சதவீத என்டிஎஸ்சி' என்றும் '250 நிட்' என்றும் சிறிய எழுத்தில் இருக்கும். 45 சதவீத என்டிஎஸ்சி என்பது, நாம் கைப்பேசியில் பார்த்துப் பழகிய எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறத்தாழ அறுபத்திரண்டு சதவீதத்தைத்தான் காட்டும். எக்செல் கட்டங்களுக்கு வண்ணம் எதற்கு என்று நானும் நினைத்தவன்தான். திருபுவனத்து வியாபாரி தன் புடவைப் படங்களை இணையத்தில் ஏற்றுவதற்காக என் பழைய கணினியில் ஒருநாள் திறந்து பார்த்தார். கையில் விரித்துப் பிடித்திருந்த அரக்கு நிறப் புடவை திரையில் செங்கல் பொடி நிறத்தில் இருந்தது. அவர் புடவையைத் திரைக்கு அருகில் கொண்டுவந்து, ஜரிகைக் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் கைப்பேசியிலேயே படத்தை அனுப்பிக்கொண்டார்.

வண்ணத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வெளிச்சம். அரிசி ஆலைகளில் எனக்குக் கிடைக்கும் மேசை பெரும்பாலும் களத்தைப் பார்த்த வராண்டாவில்தான் இருக்கும். வெயிலில் நெல் காயும் களத்தின் வெளிச்சம் முழுவதும் திரையில் விழும்போது, 250 நிட் திரையில் என் முகம்தான் தெரியும். 300 நிட் அங்கே போதுமான அளவு. 400 கிடைத்தால் இன்னும் நல்லது. திரைக்குக் கண்ணாடிப் பளபளப்பு இல்லாமல் மங்கலான பூச்சு இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அதோடு, 1920க்கு 1200 என்ற உயரமான திரை, வழக்கமான 1920க்கு 1080 திரையைவிட உயரத்தில் பதினொரு சதவீதம் கூடுதல் புள்ளிகளைத் தருகிறது. கொள்முதல் பட்டியலை வரிசை வரிசையாகச் சரிபார்ப்பவருக்கு ஒரு பார்வையில் நான்கைந்து வரிகள் கூடுதலாகத் தெரிவது, நாள் முடிவில் கண்ணுக்கும் கழுத்துக்கும் பெரிய ஆறுதல்.

இனி புராசசர். கடைகளில் மிக அதிகமாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகக் குழப்பப்படுவதும் இதுதான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரில் ஒரே ஓர் இலக்கம்தான் வேறு. ஆனால் முதலாவது நான்கு கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) கொண்டது, ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பில் செய்யப்பட்டது. இரண்டாவது ஆறு கோர்கள் கொண்டது, அதற்கு அடுத்த ஜென் 3 வடிவமைப்பைச் சேர்ந்தது. 7000 வரிசை நான்கு இலக்க எண்களில் முதல் இலக்கம் எந்த ஆண்டுக்கான பொருள் என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது இலக்கம் சொல்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும், 'ரைசன் 5, ஏழாயிரம் சீரிஸ்' என்ற பேச்சில் மயங்க வேண்டியதில்லை. கும்பகோணத்தில் நான் ஏறி இறங்கிய ஒரு கடையில் இந்த இரண்டு கணினிகளும் ஒரே அலமாரியில், மூவாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இருந்தன. இரண்டும் ஒன்றுதான் என்றார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்டெல் பக்கத்திலும் இதே கவனம் தேவை. ஐ5 என்பது ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. ஐ5-1235யு அடிப்படையில் 15 வாட் மின்சாரத்துக்குள் ஓடும்படி செய்யப்பட்டது; இரண்டு பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும் உண்டு. ஐ5-12450எச் 45 வாட்டுக்கு உரியது. நான்கு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் கொண்டது. கடைசி எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். 'எச்' என்று முடிவது கனமான வேலையைத் தொடர்ந்து செய்யும், அதற்கு ஏற்பச் சூடும் ஆகும், பேட்டரியையும் குடிக்கும். 'யு' என்று முடிவது நம்மைப் போலத் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு உரியது. 2023 டிசம்பரில் கோர் அல்ட்ரா வந்ததிலிருந்து புதிய பெயர்கள் பெரும்பாலானவற்றில் அந்த 'ஐ' எழுத்து இல்லை. இப்போது 'கோர் 5' என்றும் 'கோர் அல்ட்ரா 5' என்றும் இரண்டு வரிசைகள் விற்கின்றன. இரண்டும் ஒன்றல்ல, எடுத்துக்காட்டாக, கோர் 5 120யு என்பது முந்தைய ஐ5-1335யு போலவே இரண்டு பெரிய, எட்டுச் சிறிய கோர்களைக் கொண்ட அதே குடும்பத்தின் தொடர்ச்சிதான். அது மோசமான பொருள் அல்ல. என் வேலைக்கு அதுவும் தாராளமாகப் போதும். ஆனால் அல்ட்ராவின் விலையைக் கொடுத்து அதை வாங்கக் கூடாது.

உண்மையைச் சொன்னால், டாலிக்கும் எக்செல்லுக்கும் இணையதளங்களுக்கும் இன்றைய ஆறு கோர் புராசசர் எதுவாயினும் போதும். வேலையை நிறுத்திவைப்பது ரேம்தான். ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம், வங்கித் தளம், பத்துப் பன்னிரண்டு பிடிஎஃப் பில்கள், பின்னால் டாலி, முன்னால் உரக்கடையின் ஆண்டுக் கொள்முதல் அடங்கிய எக்செல் என்று திறந்தால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு முறை சன்னலை மாற்றும்போதும் கணினி மூச்சு வாங்குகிறது. 16 ஜிபி இல்லாத கணினியை இனி யாரும் வேலைக்கென்று வாங்க வேண்டாம். அதைவிட முக்கியம், ரேம் ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பது. மேலே சொன்ன 7520யு, எல்பிடிடிஆர்5 என்ற ரேமோடு மட்டுமே இயங்குவது. அந்தக் கணினிகளில் ரேம் பலகையிலேயே பற்றவைத்து வருகிறது. 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். நான் வாங்கியதில் 8 ஜிபி பற்றவைத்தது, இன்னொரு 8 ஜிபி ஸ்லாட்டில் இருப்பது. நாளைக்கு ஸ்லாட்டில் இருப்பதைக் கழற்றிவிட்டு 16 ஜிபி போட்டால் 24 ஆகும்.

பேட்டரி விஷயத்தில் 'பத்து மணி நேரம்' என்ற விளம்பரத்தை விட்டுவிட்டு, அதன் கொள்ளளவைச் சொல்லும் வாட்-மணி என்ற எண்ணைத் தேடுங்கள். நடுத்தர வெளிச்சத்தில் எக்செல்லும் இணையமுமாக ஓடும்போது என் கணினி ஏழு முதல் எட்டு வாட் வரை இழுக்கிறது. 47ஐ ஏழரையால் வகுத்தால் ஆறு மணி நேரம் சொச்சம். நடைமுறையிலும் எனக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது. இந்த ஆறு மணி நேரம் ஏன் தேவை என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் மின்சாரம் மாலையில்தான் வரும். அது எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வாய்க்கும் என்பது நம் கையில் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, டெல்டாவின் பல ஊர்கள் வாரக் கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. அந்த அக்டோபர் மாதத்து ரிட்டர்னுக்கு, பாதிக்கப்பட்ட 11 மாவட்டங்களுக்கும் டிசம்பர் 20 வரை அவகாசம் கொடுத்தார்கள். அப்போது என் கணினி இரண்டு மணி நேரத்தில் அணைந்துவிடும். தஞ்சாவூரில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு நண்பரின் கடையில் வரிசையில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பிய நாட்களை மறக்க முடியவில்லை.

எடையையும் வேகத்தையும் மட்டும் பார்த்தால் ஆப்பிளின் மேக்புக் ஏர்தான் கண்முன் வந்து நிற்கும். 2020 நவம்பரில் வந்த, எம்1 புராசசர் கொண்ட ஏர் 1.29 கிலோ, உள்ளே விசிறியே கிடையாது, அதனால் தவிட்டுத் தூசியை உறிஞ்சும் பேச்சும் இல்லை. அந்த உடல் உறுதியும் பேட்டரியும் இந்த விலைப் பிரிவில் வேறெங்கும் நான் பார்க்காதவை. ஆனால் டாலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். அதைவிடப் பெரிய தடை டிஎஸ்சி டோக்கன். கம்பெனிகளுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்ய, டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய அந்தச் சிறு யுஎஸ்பி டோக்கனைச் செருகிக் கையெழுத்திட வேண்டும். அதைக் கணினி அடையாளம் காண, டிரைவர் என்ற துணை மென்பொருள் அந்தக் கணினிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் விண்டோஸ் கணினிகளை நான் கடைசி நேரத்தில் ஒதுக்கியதும் இதனால்தான். அந்தப் புராசசர்களில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் மொழிபெயர்ப்பு முறையில் ஓடிவிடும். ஆனால் வெளியிலிருந்து செருகும் கருவிகளுக்கான டிரைவர் அந்தப் புராசசருக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டோக்கனுக்கு அப்படி ஒரு டிரைவர் இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் வரை, 20ஆம் தேதி மாலையில் அந்தப் பரீட்சையை எழுத நான் தயாராக இல்லை. எழுத்து வேலை செய்பவர், ஆசிரியர், கல்லூரி மாணவர் போன்றோருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அவர்கள் இரண்டையும் தாராளமாகப் பார்க்கலாம். தமிழில் தட்டச்சு செய்பவர்களும் தயங்க வேண்டாம். தமிழ் 99 விசைப்பலகை மேக்கிலும் உண்டு, விண்டோஸ் 11இலும் உண்டு.

பயன்படுத்திய பழைய அலுவலகக் கணினிகளைப் புதுப்பித்து இருபதாயிரம், இருபத்தைந்தாயிரத்துக்கு விற்கிறார்கள். உடல் உறுதியில் அவை புதிய மலிவுக் கணினிகளைவிட மேல். ஆனால் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வங்கிக் கணக்கும் வரிக் கணக்கும் திறக்கும் வேலைக்கு வாங்காதீர்கள்.

விலையைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒன்று சொல்ல வேண்டும். மடிக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நான் கொடுத்த 61,500 ரூபாயில் 9,381 ரூபாய் வரி. பதிவு பெற்ற தொழில் செய்பவர் தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படுத்தும் கணினிக்கு அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மீதமுள்ள 52,119 ரூபாய்க்கு, வருமான வரிக் கணக்கில் கணினிக்குரிய 40 சதவீதத் தேய்மானம் உண்டு. அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. வரியை உள்ளீடாக எடுத்துக்கொண்டுவிட்டு அதே வரித் தொகைக்கும் தேய்மானம் கேட்கக் கூடாது. இவ்வளவு எளிய விஷயத்தை விட்டுவிட்டு, பில் இல்லாமல் வாங்கினால் இரண்டாயிரம் குறைவு என்று மகிழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இணையத்தில் இதே கணினி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவாக இருந்தது. இருந்தும் கும்பகோணத்துக் கடையில்தான் வாங்கினேன். கடைக்காரர் பெட்டியை என் முன்னால் பிரித்தார்; கணினியை இயக்கி, டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று காட்டினார்; என் டிஎஸ்சி டோக்கனைச் செருகிப் பார்க்க அனுமதித்தார். வாசல் வெயிலில் கொண்டுபோய்த் திரையைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, அவரே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அந்த அரை மணி நேரத்துக்கு நான் கொடுத்த இரண்டாயிரத்து ஐந்நூறு அதிகம் இல்லை. வாரண்டியில் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்து பழுது பார்ப்பதாக எழுதியிருந்தாலும், அது உங்கள் ஊரின் பின்கோடுக்கு உண்டா என்பதைத் தனியாக உறுதிசெய்துகொள்ள வேண்டும். திருச்சிக்கு இரண்டு முறை அலைந்தவன் என்ற முறையில், கூடுதல் பணம் கட்டி மூன்றாண்டுக்கு நீட்டித்துக்கொண்டேன்.

பத்து மாதத்தில் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். மேல், கீழ் அம்புக்குறி விசைகள் இரண்டும் ஒரு விசையின் இடத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. எக்செல்லில் கீழே இறங்க நினைத்து மேலே போவது இன்றும் நடக்கிறது. ஒலி மிகவும் மெல்லியது. ஆலையில் மெஷின் ஓடும்போது வீடியோவில் பேச முடியாது. ஆறாம் மாதத்தில் விசிறிச் சத்தம் கூடியதால் அடிமூடியைத் திறந்து பார்த்தோம். காற்று வெளியேறும் தகட்டுக்கு உள்பக்கம் தவிட்டுத் தூசி, ஈரமும் சேர்ந்து, மெல்லிய அடைபோலப் படிந்திருந்தது. தூரிகையால் தட்டியதும் ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. இப்போது ஆலைக்குப் போகும் நாட்களில் மேசையில் ஒரு தட்டையான மரப்பலகையை வைத்து அதன்மேல் வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறேன். வேகத்தில் இதுவரை ஒரு குறையும் இல்லை. கீல்கள் உறுதியாக இருக்கின்றன. ஒரு விரலால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் எழாமல் திரை மட்டும் திறக்கிறது; கடையில் நின்று நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

தராசு தந்த அந்த ஆலைக்காரரின் மகள் இந்த ஆண்டு தஞ்சாவூரில் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். "தம்பி, நீங்க வச்சிருக்கிற மாதிரியே ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றார். வேண்டாம் என்று சொன்னேன். வரைபட மென்பொருள்களில் முப்பரிமாணத்தில் வேலை செய்யப் போகிறவளுக்குத் தனி கிராபிக்ஸ் சிப்பும் 'எச்' வகைப் புராசசரும் பெரிய திரையும்தான் உதவும். விடுதியில் மேசைமேல் இருக்கப் போகும் கணினியின் எடை, தினமும் பேருந்தில் நிற்பவனின் தோளில் ஏறும் எடை அல்ல. எழுபத்து மூன்றாயிரம் ரூபாயில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். வாங்கி வந்த அன்று மாலை அதையும் அதே தராசில் வைத்தார். கணினி 2.3 கிலோ, சார்ஜர் மட்டும் அரைக் கிலோவுக்கு மேல். "அம்மாடி, இது ஹாஸ்டல்லயே இருக்கட்டும், ஊருக்கு வரப்ப பென்டிரைவ் மட்டும் எடுத்துட்டு வா" என்றார் மகளிடம்.